ஏற்காடு ஏறும் பழைய வண்டியில் ஹீட்டர் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்து வண்டிக்காரர்களுக்கு ஹீட்டர் ஞாபகம் வருவதே மார்கழிப் பனியில் ஏற்காடு ஏறும்போதுதான். மீதி மாதமெல்லாம் அந்தக் குமிழை யாரும் தொடுவதில்லை. அதனால் எப்போது கெட்டது, எதனால் கெட்டது என்று சொல்லவும் ஆள் இருக்காது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பதால் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறோம். மாருதி 800, ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, அம்பாசடர், சுமோ, குவாலிஸ், பொலிரோ என்று குமிழும் கேபிளும் வைத்த பழைய வண்டிகளுக்கு இது பொருந்தும். தானாகவே வெப்பம் பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஏசி வண்டிகளின் கதை வேறு.

ஏனுங்க, கார் ஹீட்டர் பேட்டரியில ஓடுதா, பெட்ரோல்லயா? போட்டா மைலேஜ் குறையுமா?

இரண்டிலும் இல்லை. எஞ்சினைக் குளிர வைத்துவிட்டு வரும் சுடுதண்ணீரில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர் ஒன்றுக்குள் போய்விட்டுத் திரும்புகிறது. அதற்குப் பெயர் ஹீட்டர் கோர். அதன்மேல் ப்ளோயர் காற்றை அடிக்கிறது, சூடு உள்ளே வருகிறது. ரேடியேட்டர் வழியாக வெளியே வீணாகப் போகும் சூடுதான் இது. ப்ளோயர் மோட்டாருக்கான மின்சாரம் மட்டுமே செலவு. மைலேஜில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது.

இது புரிந்தால் பாதிக் கோளாறு புரிந்த மாதிரி. ஹீட்டர் சூடாகவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு எஞ்சின் தண்ணீர் ஓட்டத்தில் இருக்கிறது. டேஷ்போர்டைப் பிரிக்கச் சொல்கிறவரிடம் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

சேலம் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குங்க? பேசாம கழட்டி விட்டுட்டா என்ன?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். 20 கொண்டை ஊசி வளைவு. பனிக்காலத்திலும் மழைக்காலத்திலும் மேகம் ரோட்டிலேயே படுத்திருக்கும். நாலு பேர் மூச்சு விட்டால் முன்கண்ணாடி உள்பக்கம் ஐந்தே நிமிடத்தில் வேர்த்துவிடும். துணியால் துடைத்துக்கொண்டே வளைவு திருப்புவது ஆபத்து. குளிருக்காக இல்லாவிட்டாலும் கண்ணாடிக்காக ஹீட்டர் வேண்டும்.

இன்னொரு பயனும் உண்டு. மலை ஏறும்போது எஞ்சின் சூடு முள் மேலே போனால், ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச்சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். கூடுதல் ரேடியேட்டர் ஒன்று கிடைத்த கணக்கு. வண்டிக்குள் வேகும். ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஹீட்டர் போட்டா சில்லுன்னு காத்துதான் வருது. எதுல இருந்து பாக்க ஆரம்பிக்கணும்?

காற்று வருகிறது என்றால் ப்ளோயர் நன்றாக இருக்கிறது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பாருங்கள். பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மூடியின் ரப்பர் போயிருந்தால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

தண்ணீர் சரியாக இருந்தால், வண்டியை ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்துவிட்டு எஞ்சினை அணையுங்கள். பானட்டுக்குள், எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவருக்குள் இரண்டு சின்ன ஓஸ் பைப் போகும். கட்டைவிரல் பருமன் இருக்கும். விரல் நுனியால் பட்டும் படாமலும் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைக் கீழே 'இரண்டு ஓஸ் சோதனை' என்று சொல்லியிருக்கிறோம்.

இரண்டுமே கை வைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர் கோருக்குள் நன்றாக ஓடுகிறது; உள்ளே காற்றைத் திருப்பிவிடும் கதவோ அதன் கேபிளோ வேலை செய்யவில்லை. குமிழைத் திருப்பும்போது பிடிமானமே இல்லாமல் லொடலொடவென்று சுற்றினால் கேபிள் கழன்றிருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாலே தெரியும். ஒரு கிளிப்பில் முடிகிற வேலை. ஒன்று கொதிக்கிறது, மற்றது வெதுவெதுப்பு என்றால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது ஓஸில் இருக்கும் ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே ஆறிக் கிடந்தால் எஞ்சினே சூடாகவில்லை, அல்லது காற்று அடைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட், ஏர்லாக் கேள்விகளைப் பாருங்கள்.

ஸ்விட்ச் போட்டா காத்தே வரலீங்க. சில சமயம் கடைசி ஸ்பீடுல மட்டும் ஓடுது.

கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் சந்தேகமே வேண்டாம், ப்ளோயர் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் அதன் வழியாகப் போகிறது. கடைசி வேகத்துக்கு நேராகப் போகிறது. விலை குறைந்த பொருள், இரண்டு திருகு. மாற்றும்போது அதில் செருகும் கனெக்டர் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். உருகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் புது ரெசிஸ்டரும் போய்விடும்.

எதிலுமே ஓடவில்லை என்றால் ஃப்யூஸ். அதுவும் சரி என்றால் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஃப்யூஸ் அடிக்கடி போனால் பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போடாதீர்கள். மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம். பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

காத்து கம்மியா வருது, உள்ள சரசரன்னு சத்தம் வேற.

எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கும் வண்டியா? வைப்பர் பக்கத்தில் இருக்கும் காற்று வாங்கும் துளைகள் வழியாகச் சருகு உள்ளே இறங்கி ப்ளோயர் விசிறியில் மாட்டிக்கொள்ளும். மோட்டாரைக் கழற்றினால் காய்ந்த இலை கைப்பிடி கைப்பிடியாக வரும், நடுவில் எலி கொண்டுவந்த பஞ்சும் இருக்கும். பெரும்பாலும் இடதுபக்க கிளவ் பாக்ஸுக்குக் கீழேதான் மோட்டார். மூன்று திருகு, ஒரு கனெக்டர். சுத்தம் செய்துவிட்டு அந்தத் துளைகளுக்கு உள்ளிருந்து கொசுவலைக் கம்பி ஒட்டினால் அடுத்த முறை வராது.

மெக்கானிக் 'நம்மூர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வேண்டாம்'னு கழட்டிட்டாரு. அதுக்கும் ஹீட்டருக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?

சம்பந்தம் அதிலேதான் இருக்கிறது. சேலத்துப் பழைய வண்டிகளில் ஹீட்டர் சூடாகாததற்கு முதல் காரணம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். பட்டறையில் 'வால்வு' என்று சொல்வதும் இதைத்தான். எஞ்சின் தண்ணீர் 82 முதல் 88 டிகிரி வரும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அது அடைத்து வைக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். ஏற்காட்டுக் காலைக் குளிரில் எஞ்சின் 60 டிகிரியைத் தொடவே திணறும். கோருக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போனால் ஹீட்டர் என்ன செய்யும்?

'வெயிலூருக்கு வேண்டாம்' என்பது தப்பான கணக்கு. எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் சரியாக எரியாமல் ஆயிலில் கலக்கும், ஆயில் கெடும், மைலேஜ் இறங்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடுகிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பிவிடும். அப்படிப்பட்ட வண்டி குளிரில் சூடாகாது, மலை ஏறும்போது ஓவர்ஹீட் ஆகும். முதலில் எதற்காகக் கழற்றினார்கள் என்று பாருங்கள். அடைத்த ரேடியேட்டர், ஓடாத ஃபேன், தளர்ந்த பெல்ட் இவற்றில் ஒன்று அப்படியே இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு வண்டிக்குரிய டிகிரியில் புது தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும் போடுங்கள். ஸ்பிரிங் எஞ்சின் பக்கம், தட்டில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம்.

மேல ஏறும்போது ஹீட்டர் சூடா வருது. இறங்கும்போது சில்லுன்னு ஆயிடுது. ஏன்?

மேலே சொன்ன தெர்மோஸ்டாட் இல்லாத, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்ட வண்டியின் அடையாளம் இது. அடிவாரத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் முழு உழைப்பில் இருக்கிறது. எவ்வளவு குளிர்ந்தாலும் சூடு மிஞ்சும். இறங்கும்போது இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வருகிறோம். எரிபொருள் எரிவதே குறைவு, தண்ணீர் மட்டும் ரேடியேட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும். நான்கைந்து வளைவுக்குள் சூடு முள் கீழே படுத்துவிடும். தெர்மோஸ்டாட் நன்றாக உள்ள வண்டியில் முள் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்கும்.

சூட்டுக்காகவோ பெட்ரோலுக்காகவோ இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது, எஞ்சினை அணைப்பது இரண்டும் வேண்டாம். எஞ்சின் அணைந்தால், பிரேக்கை லேசாக மிதிக்க வைக்கும் பூஸ்டரின் உதவி போய்விடும்.

தெர்மோஸ்டாட் நல்லா இருக்குதான்னு வீட்லயே பாக்க முடியுமா?

கழற்றாமல் பார்க்க: ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஓஸைப் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் சரி. ஸ்டார்ட் செய்ததிலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால் அது மூடவில்லை.

கழற்றிப் பார்க்க: நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தட்டில் அச்சடித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். முழுதாகத் திறக்க அதற்குமேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஆகும். இதில் ஒரு சிக்கல்: ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 88 டிகிரி தெர்மோஸ்டாட்டை அங்கே அடுப்பில் வைத்தால் பாதிதான் திறக்கும். 'போச்சு' என்று தூக்கிப் போடாதீர்கள். திறக்கத் தொடங்குகிறதா, ஆறியதும் இறுக மூடுகிறதா என்று பார்த்தால் போதும்.

கூலன்ட் மாத்துனதுக்கு அப்புறம்தான் ஹீட்டர் போச்சு. டேஷ்போர்டுக்குள்ள தண்ணி ஓடுற சத்தம் கேக்குது.

ஏர்லாக். பல வண்டிகளில் ஹீட்டர் கோர் எஞ்சினைவிட உயரத்தில் இருப்பதால் உள்ளே மாட்டிய காற்று அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு ஓஸ் சோதனையில் இரண்டுமே ஆறிக் கிடக்கும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது வண்டியின் முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிற்கும்படி நிறுத்துங்கள். மலைமேல் மேட்டுக்குப் பஞ்சமில்லை. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹீட்டர் குமிழ் முழுச்சூட்டில், ப்ளோயர் மெதுவாக. ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்புவரை கூலன்ட் ஊற்றி, மூடாமலே ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூட்டின் மேல் ஏர் விடும் திருகு இருந்தால், குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை அதைத் தளர்த்தி வைத்து மூடுங்கள். மேல் ஓஸை அவ்வப்போது கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஓஸ் சூடாகி, உள்ளே சூடான காற்று வரத் தொடங்கியதும் மூடியைப் போடுங்கள். கூலன்ட் பொங்கி வழியத் தொடங்கினால் எஞ்சினை அணைத்து ஆறவிட்டு மறுபடி செய்யுங்கள். மறுநாள் காலை ஆறியபின் மட்டத்தை ஒருமுறை பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஓடும்போது சூடு வருது. சிக்னல்ல நின்னா சில்லுன்னு ஆயிடுது.

முதலில் கூலன்ட் மட்டம். குறைவாக இருந்தால் ஐடிலிங்கில் கோர்வரை ஏறாது. மட்டம் சரி என்றால் வாட்டர் பம்ப் பெல்ட் தளர்வு, அல்லது பம்ப்பின் இறக்கைகள் அரித்துத் தேய்ந்தது. துருத் தண்ணீரில் ஓடிய வண்டியில் இது சகஜம். டீசல் வண்டி என்றால் ஒரு சலுகை: ஐடிலிங்கில் டீசல் எஞ்சின் விடும் சூடே குறைவு. சுமோவோ பொலிரோவோ நின்ற இடத்தில் அரைமணி ஓடினாலும் பெட்ரோல் கார் மாதிரிச் சூடு வராது. அது கோளாறில்லை.

கூலன்டுக்குப் பதிலா போர் தண்ணி ஊத்துனா என்னங்க ஆகும்? எங்கப்பா காலத்துல எல்லாம் அப்படித்தான ஓட்டுனாங்க?

ஓட்டினார்கள், அந்தக் காலத்துப் பித்தளை ரேடியேட்டர்களின் குழாய்களும் அகலம். சேலத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. குடத்தின் வாயில் படியும் அதே வெள்ளைப் படிவம் எஞ்சினுக்குள்ளும் படியும். மிகச் சன்னமான குழாய் உள்ள இடம் ஹீட்டர் கோர் என்பதால் முதலில் அடைப்பது அதுதான். வெறும் மேட்டூர் தண்ணீர் ஊற்றினாலும் துரு பிடிப்பதைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை. ஏற்காட்டில் தண்ணீர் உறையாது, அதனால் உறைவைத் தடுக்க கூலன்ட் வேண்டாம் என்பது சரி. துருவுக்காகவும் கொதிநிலைக்காகவும் வேண்டும். கெட்டியான கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். ரெடிமிக்ஸ் என்றால் ஒரு சொட்டு தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

அடைத்த கோரைச் சுத்தம் செய்ய, ஆறிய எஞ்சினில் இரண்டு ஓஸையும் தகட்டுச் சுவரருகே கழற்றுங்கள். இறுகிப் பிடித்திருந்தால் முறுக்கி இழுக்காதீர்கள், கோரின் குழாய் உடையும். ஓஸை நீளவாக்கில் பிளேடால் கீறி எடுத்துவிட்டுப் புது ஓஸ் போடுங்கள். தண்ணீர் வெளியேறும் குழாயில் தோட்ட ஓஸைப் பிடித்து மெதுவாக, எதிர்த்திசையில் விடுங்கள். பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை திசையை மாற்றி மாற்றி விடலாம். தெளியவில்லை என்றால் ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து உள்ளே ஊற்றி, அரைமணி நேரத்துக்கு மேல் விடாமல் கழுவுங்கள். கழிவறை ஆசிட் கூடவே கூடாது, அலுமினியத்தைத் தின்றுவிடும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். பிறகு மேலே சொன்னபடி ஏர் எடுக்க வேண்டும்.

ரேடியேட்டர் ஒழுகுதுன்னு மஞ்சத்தூள் போட்டேன். ஒழுக்கு நின்னுச்சு. ஹீட்டரும் நின்னுச்சே?

ஒழுகும் ஓட்டையை அடைத்த தூள் கோரையும் அடைத்தது. அதற்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. கடையில் விற்கும் லீக் அடைக்கும் தூளும் இதே வேலையைத்தான் செய்யும். நடுரோட்டில் வேறு வழியில்லாமல் போட்டிருந்தால் வீடு வந்ததும் முழுதாக இறக்கிக் கழுவுங்கள். மாதக்கணக்கில் விட்டால் மேலே சொன்ன அலசலும் பலிக்காது, கோர் மாற்றுவதுதான் வழி.

உள்ள இனிப்பா ஒரு வாசனை. கண்ணாடியில பிசுபிசுன்னு படியுது, தொடச்சாலும் போகல.

ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. இடதுபக்கம் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும். ஏசி தண்ணீரும் அங்கே சொட்டலாம். அது வெறும் தண்ணீர், இது வழவழப்பும் நிறமும் உள்ளது. கூலன்ட் நஞ்சு. நாய், பூனை நக்கவிடாமல் கழுவித் துடையுங்கள்.

தற்காலிகமாக ஓட்ட வேண்டுமானால் இரண்டு ஹீட்டர் ஓஸையும் ஒரு குழாய்த்துண்டால் இணைத்து வளையமாக்குங்கள். போல்ட்டை அடித்து அடைப்பது சில எஞ்சின்களில் தண்ணீர் சுழற்சியையே கெடுக்கும். நிரந்தரத்துக்கு கோர் வெளியே வர வேண்டும். பல வண்டிகளில் டேஷ்போர்டு இறங்க வேண்டும், ஒரு நாள் வேலை. பித்தளை, தாமிரக் கோரை ரேடியேட்டர் கடையில் பற்றவைக்கலாம். பிளாஸ்டிக் தலை வைத்த அலுமினியக் கோரைப் பற்றவைத்து மறுபடி டேஷ்போர்டு பிரிப்பதைவிட, புதிதே போடுவது லாபம். கூலி கோர் விலையைவிட அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

பனியில கண்ணாடி வேர்க்குது. ஏசி போடணுமா, ஹீட்டர் போடணுமா?

வைப்பர் ஓட்டிப் பாருங்கள். போய்விட்டால் வெளிப்பக்க ஈரம். ஏசியால் கண்ணாடி அதிகம் குளிர்ந்ததுதான் காரணம், குளிரைக் குறையுங்கள். போகவில்லை என்றால் உள்பக்கம். ஏசியும் ஹீட்டரும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். காற்று கண்ணாடிப் பக்கம் திரும்பியிருக்கட்டும். வெளிக்காற்று வரும் நிலையில் வையுங்கள். உள்காற்றையே சுற்றவிட்டால் மூச்சின் ஈரமும் சேர்ந்து சுற்றும்.

ஏசி இல்லாத வண்டியில் ஹீட்டர், வெளிக்காற்று, ஜன்னல் ஒரு விரற்கடை இறக்கம். இதுவே போதும்.

சித்திரையில ஏசி குளிரவே இல்ல. கேஸ் ஃபுல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஹீட்டர் காரணமா இருக்குமா?

இருக்கும். ஹீட்டர் வால்வோ கதவோ முழுதாக மூடாமல், ஏசி குளிரவைத்த காற்றை கோர் மறுபடி சூடாக்கலாம். உள்ளே போகும் ஹீட்டர் ஓஸைத் துணி சுற்றி, ஓஸ் கவ்வியால் மெல்ல அமுக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். குளிர் கூடினால் கோளாறு ஹீட்டரில்தான், ஏசியில் இல்லை. கேஸ் மறுபடி ஏற்றிக் காசை விடாதீர்கள்.

எஸ்டேட் ஜீப்புல ஹீட்டரே கிடையாது. சிகரெட் லைட்டர்ல சொருகுற ஹீட்டர் வாங்கலாமா?

வேண்டாம். அந்த சாக்கெட்டில் 10 அல்லது 15 ஆம்பியர்தான் எடுக்க முடியும். 12 வோல்ட்டில் அது அதிகபட்சம் 180 வாட். தண்ணீர் ஹீட்டர் தருவது ஆயிரக்கணக்கான வாட். சொருகும் ஹீட்டர் கையைக்கூட ஒழுங்காகச் சூடாக்காது.

ப்ளோயரோடு வரும் தனி ஹீட்டர் பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டலாம். எஞ்சின் ஹெட்டிலிருந்து வரும் சுடுதண்ணீர் வழியில் ஒரு ஓஸ், வாட்டர் பம்ப்பின் உறிஞ்சும் பக்கம் ஒரு ஓஸ். வழியில் ஒரு கை வால்வு வைத்தால் கோடையில் மூடிவிடலாம். சுவரில் ஓட்டை போடும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். தகட்டு விளிம்பு ஓஸை அறுக்கும். மேலே துணிக்கூடு என்றால் அதன் சந்துகளை முதலில் அடையுங்கள்.

ராத்திரி மூடுபனியில வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரோட தூங்கலாமுங்களா?

கூடாது. பழைய வண்டியின் சைலன்சரிலோ மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ சின்னக் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு காற்று வாங்கும் துளை வழியாக உள்ளே வரும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். ஹீட்டர் போட்டதும் புகை நாற்றம் வந்தாலோ, தலைவலியும் மயக்கமும் வந்தாலோ உடனே ஜன்னலைத் திறந்து, எஞ்சினை அணைத்து வெளியே வாருங்கள். கரி அடுப்பை வண்டிக்குள் வைப்பதும் இதே ஆபத்து.

எல்லாம் மாத்தியாச்சு. ஏர் எடுத்தா ரெண்டு நாள் சூடு வருது, மறுபடி சில்லு. கூலன்டும் குறையுது, ஒழுக்கு எங்கயும் தெரியல.

எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர் வழிக்குள் கசிந்து, உயரத்தில் இருக்கும் கோரில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஏர்லாக் தானாகவே திரும்ப வருகிறது. சூடு முள் ஏறுவதற்கு முன்பே ஹீட்டர் இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காலையில், ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஓஸ் கல்லாக இறுகினாலும் அதே அர்த்தம். சைலன்சரில் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் குச்சியில் பால் விட்ட டீ நிறம் என்றால் வண்டியை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். ஆயில் மூடியின் அடியில் மட்டும் அந்த நுரை இருந்தால் பதற வேண்டாம். குளிரில் குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும், தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியிலும் அது வரும். குச்சியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குமிழி உறுதியானால் மலை ஏற்றாமல் சேலத்திலேயே ஹெட்டை இறக்கச் சொல்லுங்கள். புது கேஸ்கெட் போடும் முன் ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத் பட்டறையில் சோதித்துச் சமப்படுத்த வேண்டும். போல்ட்டுகளை அந்த எஞ்சினுக்குரிய வரிசையிலும் அளவிலும் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்க வேண்டும். கையளவில் இறுக்கினால் அடுத்த மார்கழிக்கு இதே கேள்வியோடு வருவீர்கள்.